வாவல் போட்ட கொட்டை

கேரளத்தில் வவ்வால் பரப்பும் நிபா காய்ச்சல் வந்துவிட்டது என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து ஷைஜா கொல்லாமரத்தடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வவ்வால் முந்திரிப் பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். விடிந்ததும் அந்தக் கொட்டையைப் பொறுக்கிக் கடையில் கொடுத்து மிட்டாய் வாங்குவது திருவட்டாறு பக்கத்துப் பிள்ளைகளின் உரிமை. ஒருநாள் காலை அவளுடைய ஐந்து வயது ஜெஸ்மி, மடி நிறையக் கொட்டையோடு வந்து நின்றாள்.

ஷைஜா கொட்டைகளைத் தட்டிவிட்டாள். பிள்ளையைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் சோப்பு போட்டாள். நகக்கண்ணில் சாறு ஒட்டியிருக்குமோ? மறுபடியும் போட்டாள். சுத்தமாகிவிட்டது என்று கண் சொன்னது, மனசு ஒப்பவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கொழகொழவென்று கரைத்து, அந்தச் சின்னக் கைகளை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எரியுது!"

"கொஞ்சம் பொறு மக்கா. இப்பம் போயிரும்."

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சத்தியபாய் ஓடி வந்தாள். "ஏட்டி, பிள்ளைய என்னட்டி செய்யிய? நாங்க வாவல் போட்டத பொறுக்கித்தான் வளந்தோம். செத்தா போனோம்?"

"அப்பம் நிபா இல்லேல்லா, மாமி."

ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்த கணவன் ஷாஜன், தோல் உரிந்த கைகளைப் பார்த்தான். 'சோப்புக் கம்பெனில உனக்குப் பங்கு உண்டா?' என்று எப்போதும் கேலி பேசுகிறவன், அன்று பிள்ளையைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தான். ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுத் திரும்பி வந்து சொன்னான்.

"நாகர்கோவில்ல எனக்க தங்கச்சி குளோரி வீட்டுல இவ கொஞ்சநாள் நிக்கட்டு. பிறவு நாம ஒரு டாக்டரப் பாப்போம். உனக்கு."

ஷைஜா ஊரில் எல்லார் கையையும் சந்தேகப்பட்டவள். பால்காரர் கை, சபையில் அப்பம் தரும் போதகர் கை. இன்று தன் கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"கூட்டிட்டுப் போங்க," என்றாள். "எனக்க கைய எனக்கே நம்ப முடியல்ல."

முத்தம் கொடுக்கக் குனிந்தாள். ஸ்கூட்டரில் இருந்த ஜெஸ்மி அப்பாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க, குளோரி வீட்டுப் பக்கம் கொல்லாமரம் உண்டா?"

"மூணாவது மாடில ஏதுட்டி கொல்லாமரம்?"

சரிதான். வண்டி ரோட்டில் ஏறியது. ஆனால் சந்தையில் வாங்குகிற பழம்? குளோரி கழுவுவாளா? ஷைஜா போனை எடுத்து அவளை அழைத்தாள். மணி அடித்ததும் துண்டித்தாள். கேட்டால் கொஞ்ச நேரம் நிம்மதி, அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி வரும். அவளுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தும் விரல் அதே எண்ணுக்குத்தான் போனது.