பயிற்சித் தாள்

பதினாறு வருடம் சோப்பு டப்பாவும் பிஸ்கட் உறையும் வடிவமைத்துத் தள்ளியவள் நான். இன்னொரு டப்பாவுக்கு நிறம் யோசித்தால் மண்டை வெடித்துவிடும் என்கிற நிலை வந்தபோது, மாலை வகுப்பில் சேர்ந்து பிசியோதெரபி உதவியாளர் படிப்பை முடித்தேன். வயது நாற்பத்திரண்டு. வகுப்பில் எல்லோருக்கும் நான் ஆன்ட்டி.

"இத்தன வருஷம் கிளையன்ட் காலப் பிடிச்ச, இப்ப நிஜமாவே கால் பிடிக்கப் போறியா?" என்றார் கணவர்.

"இந்தக் காலாவது குணமாகும்" என்றேன்.

ஏழு இடங்களில் என் வயதைப் பார்த்துக் கையை விரித்தார்கள். எட்டாவது, மூன்று கட்டில் போட்ட ஒரு சின்ன கிளினிக். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாக டாக்டரம்மா சொன்னார்.

எனக்கு முதலில் கிடைத்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். அவர் குதிகாலைத் தாங்கிப் பிடித்தேன். முந்தின நாளைவிட ஒரு விரல்கடை கூடுதலாக மடக்கியவர், கத்திவிட்டு உடனே சிரித்தார். வீடு போகிற வழியெல்லாம் எனக்கும் சிரிப்புதான். அத்தனை டப்பாவில் ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

ஒரு வாரம் கழித்து டிரைவர் திரும்பி வந்தபோது காலில் முன்னேற்றமே இல்லை.

"தினம் மூணு வேளை தவறாம செஞ்சேம்மா."

"எப்படிச் செஞ்சீங்க, காட்டுங்க."

வலது காலை மடக்கி ஊன்றிவிட்டு இடது காலைத் தூக்கிக் காட்டினார். தூக்க வேண்டியது வலது காலை. "படத்துல இருக்கிற மாதிரிதானே செஞ்சேன்" என்று பாவமாகப் பார்த்தார்.

கிளினிக்கில் கொடுக்கும் பயிற்சித் தாளை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது. படத்திலிருந்த ஆள் நம்மைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்கு வலது, நமக்கு இடது பக்கம். டிரைவர் கண்ணாடி பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறார்.

என் கை சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில், படுத்திருப்பவர் கண்ணுக்குத் தன் முழங்காலும் கால்விரலும் எப்படித் தெரியுமோ அப்படியே வரைந்து கொடுத்தேன். அடுத்த முறை டிரைவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துகாட்டினார். மற்றவர்களும் அதே தாளைக் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் டாக்டரம்மா என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு மேசை, ஒரு விளக்கு, கத்தை வெள்ளைத்தாள்.

"இனி நீங்க இங்கதான். நாப்பது பயிற்சி இருக்கு, எல்லாத்தையும் வரைஞ்சிடுங்க. அப்புறம் போஸ்டர், போர்டுன்னு எவ்வளவோ வேலை இருக்கு."

"அப்ப நோயாளிங்க?"

"கால் பிடிக்க யார் வேணா வருவாங்க. இது யாருக்கு வரும்?"

"டாக்டர், இத வேண்டாம்னு விட்டுட்டுத்தான் நான் வந்தேன்."

"கைல இருக்கிறது விட்டாப் போயிடுமா?" பாராட்டாகத்தான் சொன்னார். நான் மேசை முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பதாவது கிளினிக் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"நல்லதுதானே, உக்காந்து செய்யற வேலை" என்றார் கணவர். அன்று ராத்திரி சமையலறையை அவரிடமே விட்டுவிட்டுப் படுத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். கேவலமாக வரைவது. இரண்டு தாள் சொதப்பினால் டாக்டரே என்னைக் கட்டில் பக்கம் துரத்திவிடுவார். முழங்காலை மடக்கக் கூடாத அளவுக்கு மடக்கி வரைந்தேன். முதலில் கோடு தானாகவே சரியான இடத்தில் போய் நின்றது. அதை அழித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தப்பாகப் போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் டிரைவர் கத்தினார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். அந்தக் குதிகால் இப்போது அவள் கையில்.

என் தாளைப் பார்த்தேன். யாரோ ஒருவர் இதைச் சுவரில் ஒட்டி, வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, இவ்வளவு தூரம் மடக்கப் பார்ப்பார். தினம் மூன்று வேளை, தவறாமல்.

அழித்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே சரியாக வரைந்தேன்.

டாக்டரம்மா வந்து எடுத்துப் பார்த்தார். "இத யாரும் தப்பாவே செய்ய முடியாது" என்றார்.

எனக்கும் அது தெரிந்திருந்தது. அடுத்த தாளை எடுத்தேன்.