கால் பாட்டில் சீமெண்ணெய்

மந்திரமூர்த்தி அண்ணாச்சி வீட்டுச் சுவரில் 'சீமெண்ணெய்த் திருடன்' என்று தாரில் எழுதியது நான்தான். கடை போர்டு எழுதிப் பிழைக்கிறவன். கோபத்தில் எழுதியபோதும் எழுத்து லட்சணமாகவே விழுந்தது, அந்தக் கொழுப்பை என்னவென்று சொல்ல.

அவர் குற்றாலம் ரேஷன் கடையில் அளந்து கொடுப்பவர். எங்கள் தெருவுக்குக் கரண்டு வராத காலம். மூன்று வாரமாக சீமெண்ணெய் இல்லை என்று கையை விரித்தார். ஒளித்து வைத்து விற்கிறார் என்று நானே முடிவு கட்டி, எழுதியும் விட்டேன். நாலு நாள் கழித்துத்தான் தென்காசியில் விசாரித்தேன். லாரியே வரவில்லையாம். ஆலங்குளத்திலும் கீழப்பாவூரிலும் இதே கதைதான்.

மறுநாள் அவரே என் கடைக்கு வந்தார்.

"வேல்சாமி, வெள்ளிக்கிழமை சுரண்டையில இருந்து நம்ம மக கல்யாணசுந்தரியைப் பொண்ணு பாக்க வருதாவ. எந்தப் பயலோ சுவரைக் கெடுத்து வச்சிருக்கான். நீதான் அழிச்சுத் தரணும்."

அந்தப் பயல் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரி அண்ணாச்சி" என்றேன்.

தாரைச் சுரண்டி, சீமெண்ணெய்த் துணியால் துடைத்து, அதற்குப் பிறகுதான் வெள்ளையடிக்க வேண்டும். ஆனால் அந்தச் சுவர் முன்னால் நிற்கவே எனக்கு உடம்பு கூசியது. வியாழக்கிழமை, தார் மேலேயே இரண்டு தடவை சுண்ணாம்பை அப்பிவிட்டு ஓடி வந்துவிட்டேன். காய்ந்ததும் பளிச்சென்று வெளுத்தது. சாரல் அடிக்கிற ஆனி மாதத்தில், குற்றாலத்துக்காரன் செய்கிற காரியமா அது?

வெள்ளிக்கிழமை காலையிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. நான் பதறி ஓடினேன். சுண்ணாம்பு நனைந்து, அடியில் இருந்த எழுத்து முழுசாகத் தெரிந்தது. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து மணி பஸ்ஸில் அவர்கள் வந்துவிடுவார்கள்.

"சீமெண்ணெய் இல்லாம இது போகாது அண்ணாச்சி" என்றேன். அதை அவரிடமே கேட்கும்படி ஆனது.

உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார்.

"விளக்குல கெடந்ததையும் வடிச்சுட்டேன். வீட்டுல இம்புட்டுத்தான் இருக்கு."

கால் பாட்டில்கூட நிறையவில்லை.

தகரத்தால் சுரண்டித் துடைத்தேன். 'சீமெண்ணெய்' அழிந்தது. 'திருடன்' பாக்கி இருக்கும்போதே பாட்டில் காலி. சுரண்டைக்காரர்கள் குடையோடு தெருவில் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சுவருக்கு முன்னால் நின்று படித்தார்.

"இது யாரை எழுதியிருக்கு?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படி நிற்க வைத்தவன் நான்.

"நான் எழுதுனது ஐயா" என்றேன். "விசாரிக்காம எழுதிட்டேன். இவர் மேல ஒரு குத்தமும் கெடையாது."

அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணாச்சி பார்க்கவே இல்லை. "உள்ள வாங்க, காப்பி ஆறுது" என்று அவர்களை மட்டும் அழைத்துப் போனார்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. சாயங்காலம் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தெருவில் நாலைந்து வீடுகளில் சின்னதாக விளக்கு எரிந்தது. கல்யாணம் நிச்சயமான அந்த வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. உள்ளே பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, எதையோ தடவித் தேடும் சத்தம் கேட்டது.

பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பினேன்.