தரையை மறந்த எலி

வானத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை இடித்தது. மேகம் ஒன்றுகூட இல்லை. மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் மிரண்டு ஓடின.

"வந்துட்டாங்க!" என்று கத்தினார் ஆய்வுத் தலைவர் ஒராஸ்பெக். ஒரு மாதம் விண்வெளியில் மிதந்த பத்து எலிகளோடு, ஆரஞ்சு நிறப் பாராசூட் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கியது. மணி பத்தே கால்.

கூடாரத்தில் சோதனை தொடங்கியது. எலியை மல்லாக்கப் பிடித்து மெத்தைமேல் விட வேண்டும். தரையில் வாழ்வது சட்டென்று புரண்டு காலூன்றும். மேலே போய் வந்ததற்குக் கீழ் எது என்பதே மறந்திருக்கும், முதுகில் விழும். அது தேறுவதற்குள் அறுத்து மூளையைப் பார்த்துவிட வேண்டும்.

ஆய்வக உதவியாளர் கௌஹார் ஒவ்வொன்றாக விட்டாள். முதல் ஆறும் முதுகில் விழுந்தன. வாலில் ஏழு மைக்கோடு போட்டிருந்த எலி மட்டும் புரண்டு நின்று, மீசையைத் துடைத்துக்கொண்டது.

"டிக்கெட் வாங்கிட்டு வீட்டுலயே தூங்கிட்டான் போலிருக்கே!" ஒராஸ்பெக் சிரித்தார்.

கௌஹார் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கராகண்டி ஆய்வகத்தில், ஏழாவதன் உடன்பிறப்பு மாற்று எலியாகக் கீழேயே தங்கிவிட்டது. எலிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. அவள் அதை ரகசியமாக 'போத்தா' என்று கூப்பிடுவாள். வேலை முடிந்ததும் வீட்டுக்கே கொண்டுபோய்விட நினைத்திருந்தாள். அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்ளும் தொல்கின் போனை எடுத்தாள்.

"தொல்கின், போத்தா சாப்பிட்டானா?"

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் அக்கா. நல்லாத்தான் ஓடிட்டிருந்தான். பத்தே காலுக்குத் திடீர்னு மல்லாந்துட்டான். புரளவே தெரியல. நாலு காலும் காத்துல நீந்துது, எதையோ புடிக்கத் தேடுற மாதிரி."

கௌஹார் திரும்பினாள். பின்னால் ஒராஸ்பெக் நின்றிருந்தார்.

"கேட்டுச்சு. அதையும் இன்னிக்கே அறுத்துடச் சொல்லு."

"வேண்டாம் ஐயா."

"தரையை விட்டே போகாதவனுக்கு இது எப்படிம்மா வரும்? பாக்க வேணாமா?"

கௌஹார் தன் விரல்களையே பார்த்தாள். மை என்றைக்கோ போய்விட்டிருந்தது.

"போக வேண்டிய ஏழு அவன்தான், ஐயா. ராக்கெட்ல ஏத்துறதுக்கு முந்தின நாள், ரெண்டு பேர் வால்லயும் இருந்த மைக்கோட்டை அழிச்சு மாத்திப் போட்டது நான்."