கல்லறைப் பக்கம்

தவுசலாவை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால், முற்றத்திலுள்ள அக்காவின் கல்லறை கண்ணுக்கு நேரே தெரியும். வலப்பக்கம் என்றால் சுவர். லுயிசாவை வீட்டின் முன்னால் அடக்கம் செய்த நாள்முதல், தமக்குச் சுவர்ப் பக்கமே போதும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

காரணத்தை எவரும் கேட்கவில்லை. சமோவாவில் அதைக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை; இறந்தவர்கள் உயிரோடிருப்பவரைத் தம்மோடு அழைத்துக்கொள்ளக்கூடும் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள பயம். தம்பி பீட்டா முற்றத்தைப் பார்த்த சுவரில்லாப் பக்கத்து ஓலைத்திரையைத் தாமாகவே இறக்கிவிட்டிருந்தார்.

லாரியிலிருந்து விழுந்து தவுசலாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனபிறகு, அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, இலவம்பஞ்சுத் தலையணைகளை முழங்கால்களுக்கு நடுவிலும் முதுகுக்குப் பின்னாலும் செருகிவந்தவர் லுயிசாதான். செருகும்போதெல்லாம் ஒரே கேலி: “உன்ன எவ கையிலயும் விட்டுட்டுப் போகமாட்டேன்டி. போறப்ப சேத்தே இழுத்துட்டுப் போயிடுவேன்.” அப்போது இருவரும் சிரித்தார்கள். இப்போது அந்தச் சொற்கள் ஓலைத்திரைக்கு அப்பால் காத்திருப்பதாகத் தவுசலாவுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை மதியம், பீட்டாவின் மனைவி ஃபெத்து கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். வலது இடுப்பெலும்பின்மேல் தோல் கன்றிச் சிவந்திருந்தது.

“அழுத்திப் பாத்தேன் அண்ணி, வெளுக்கவே மாட்டேங்குது. இன்னிக்கும் இதே பக்கம்னா தோல் பிரிஞ்சிடும்.”

வலி இல்லை. வலிக்காததுதான் பயம். முன்பொருமுறை முதுகடியில் வந்த புண் அவரை மருத்துவமனையில் பாதி உடம்பாக்கி அனுப்பியிருந்தது. மல்லாந்து கிடந்தால் அந்தத் தழும்பு நெடுநேரம் தாங்காது.

தோட்டத்திலிருந்து வந்த பீட்டா, இறந்தவர்களின் பார்வையில் அசைய முடியாதவரைக் கிடத்துவது தகாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஃபெத்து தலையைத் திருப்பாமலே பதில் சொன்னாள்:

“உங்க அக்கா கூப்பிடறதுக்கு முன்னாடி இந்தப் புண்ணு கூப்பிட்டுடும்.”

பீட்டா வெளியேறினார். தவுசலா தம்மை இடப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். திரையையும் சுருட்டச் சொன்னார்; மறைத்துவைத்தால் இன்னும் அதிகமாகத் தெரிகிறது என்றார்.

தோளைப் பிடித்த ஃபெத்து பாதியில் நிறுத்தினாள்.

“இழுடி. நான் என்ன கண்ணாடியா, ஒடஞ்சிடவா போறேன்? தலகாணிய முதுகுக்கு முட்டுக்கொடு. கால் மேல கால் படாம பாத்துக்க.”

ஃபெத்துவின் முகம் மாறியது. “பெரிய அண்ணி இப்படித்தான் என்ன அதட்டுவாங்க,” என்றாள் மெதுவாக.

அது தமது குரல்தானா என்று தவுசலாவுக்கே நிச்சயமில்லை.

ஃபெத்து திருப்பிவிட்டுத் திரையைச் சுருட்டியதும், எதிரே கல்லறையின் வெள்ளைச் சிமெண்டுப் பலகை. அதன்மேல் வழக்கம்போல வீட்டுப் பிள்ளைகளின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அழைப்புக்காகக் காத்திருந்தார். காற்றில் ஒரு சட்டைக்கை தூக்கித் தூக்கி விழுந்தது, அவ்வளவுதான்.

“தனியா விட்டுட்டுப் போயிடாத,” என்றார்.

ஃபெத்து முற்றத்துக்குப் போய், அவர் பார்வை படும்படியாகக் கல்லறைமேல் உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கினாள். பலகை அகலமானது. ஆனாலும் அவள் ஓரத்தில் ஒடுங்கியிருந்தாள். பக்கத்தில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். நகர்ந்து உட்காரச் சொல்ல நினைத்த தவுசலா, சொல்லாமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.