அப்பா எழுந்து நின்ற காலை

முதியோர் உதவித் துறையிலிருந்து அதிகாரியம்மா பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மகள் விடிந்ததிலிருந்து வீட்டைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். அப்பாவுக்கு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, தலையைப் படிய வாரி நாற்காலியில் உட்கார வைத்தாள். பெரிய ஆபீசிலிருந்து ஆள் வரும்போது அலங்கோலமாகவா வைப்பது? புத்தி எங்கே மேயப் போயிற்றோ! வருகிறவர் பார்க்க வேண்டியதே அந்த அலங்கோலத்தைத்தான்.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துவிடுவார்கள், ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. இப்போது பிடிக்க ஆள் இல்லாமல் கட்டிலைவிட்டு இறங்க முடியாது. அதிகாரியம்மா பார்த்து எழுதிக்கொடுத்து, பகலில் பார்த்துக்கொள்ள அரசாங்கச் செலவில் ஓர் ஆள் கிடைத்தால் மகள் மருந்துக்கடை வேலையில் நீடிக்கலாம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு முழுக்குப் போட வேண்டியதுதான். இனி லீவு கிடையாது என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"அப்பா, எதைக் கேட்டாலும் முடியலைன்னு சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"அது முடியாதவங்களுக்கும்மா. அவங்களுக்குன்னுதானே அத்தனை வருஷம் கட்டினேன்? எனக்கென்ன கேடு?"

"உங்க பணம்தாம்பா. யாரும் பிச்சை போடலை."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரியம்மா ஃபைலோடு உள்ளே வந்தார். மூன்று மாதமாகத் தானாக நிற்காத மனுஷர், நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார்! கால் வெடவெடவென்று ஆடியது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு.

"வாங்கம்மா, உக்காருங்க."

"சட்டை யாருங்கய்யா போட்டுவிட்டது?"

"நானேதான்."

"குளிக்கறது?"

"அதுவும் நானேதான்."

"அப்பா பொய் சொல்றாரு மேடம்!"

"கண்ணால பாத்ததைத்தாம்மா நான் எழுத முடியும்" என்றார் அதிகாரியம்மா. கெட்டவர் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்து, "எவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க" என்று பாராட்டினார். அதையும் எழுதிக்கொண்டார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், அப்பா பொத்தென்று சரிந்து உட்கார்ந்தார். வேட்டி நனைந்து தரையெல்லாம் ஈரம். மகள் துணி கொண்டுவந்து குனிந்து துடைத்தாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவரை உலுக்கு உலுக்கென்று உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது.

அவர் அவள் தலையில் மெல்லக் கை வைத்தார். "வெளி ஆள் முன்னாடி உன்னைத் தலைகுனிய விடலை, இல்லம்மா?"

"இல்லப்பா" என்றாள். தலை நிமிரவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு போனில் முதலாளியின் நம்பரைத் தேடினாள்.