முன்னால தூக்கச் சொல்லு

மலாயாவுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, கிடைத்த மறு வருஷம், ஊருக்குக் கப்பலேறிய தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன மோட்டார் காடியைக் கலியாணசுந்தரம் வாங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் துணி விற்கும் அவருக்குக் காடி இல்லாமல் பிழைப்பில்லை. பார்வைக்கு அது மற்றக் காடிகளைப் போலத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் சுழற்றுவது பின் சக்கரங்களை அல்ல, முன் சக்கரங்களை. மலாக்காவின் காஜா பெராங்கில் அப்படியொன்றை அதுவரை யாரும் கண்டதில்லை.

வாங்கவே வேண்டாம் என்று அடித்துச் சொன்னவர் அவருடைய மனைவி ருக்மணியின் அண்ணன் கருணாகரன். பட்டறை ஒன்றில், பழுதான காடிகளை இழுத்து வரும் இழுவை லோரி ஓட்டுபவர். சொன்னதோடு விட்டிருக்கலாம். தீபாவளிக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் நடுவில், "மாப்பிள்ளை போறப்ப ஏறிப் போவாரு, வர்றப்ப தள்ளிக்கிட்டு வருவாரு" என்று சொல்லிவிட்டார். கூடமே சிரித்தது. கலியாணசுந்தரம் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றோடு மாமன் மச்சான் பேச்சு அறுந்தது. அண்ணனும் தங்கை வீட்டுப் படியேறவில்லை.

இப்போது குழந்தை சிவகாமிக்குக் காது குத்து. ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது.

"தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தானே குத்தணும்?" என்று ருக்மணி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் மடியில உட்கார்ந்தா காதுல ஊசி ஏறாதா?" என்றார் அவர்.

ஒரு நாள் காலை உஜோங் பாசிரில் இருக்கும் அஞ்சலை அத்தையைத் தாம்பாளம் வைத்து அழைக்கப் போனார்கள். கிளம்பும்போது அத்தை சும்மா இராமல், "உங்கண்ணன் சீரெல்லாம் வாங்கிட்டானா?" என்று கேட்டாள். ருக்மணி குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டே, "வாங்குவாங்க அத்தை" என்றாள். காடியில் ஏறியதும் அவளுக்குக் கண் கலங்கியது. கலியாணசுந்தரம் பார்த்தார். பார்த்தும் பார்க்காததுபோல் காடியை எடுத்தார்.

கடற்கரைச் சடக்கின் வளைவில் திரும்பும்போது முன்னால் டக் டக்கென்று சத்தம். அடுத்த நொடி இரும்பு முறியும் ஓசை. எஞ்சின் உறுமியது, காடி நகரவில்லை. ஓரமாக உருட்டி நிறுத்தி, குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"முன் சக்கரத்தைச் சுத்துற தண்டு முறிஞ்சு தொங்குது."

"பட்டறைக்குப் போன் பண்ணட்டுமா?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மலாக்காவில் அவர்களுக்குத் தெரிந்த இழுவை லோரி கருணாகரன் ஓட்டுவது ஒன்றுதான். "பண்ணு," என்றார் கடைசியில். "நான் உங்கண்ணனைக் கூப்பிடல, லோரியைத்தான் கூப்பிடறேன்."

மளிகைக் கடையிலிருந்து ருக்மணி போன் பண்ணினாள். கருணாகரன் வந்து இறங்கினார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். சங்கிலியோடு காடியின் பின்பக்கம் போனார்.

"ருக்மணி, பின்னால தூக்கக் கூடாதுன்னு சொல்லு உங்கண்ணன்கிட்ட. முன்னால தூக்கணும்."

"நான் எல்லாக் காடியையும் பின்னால தூக்கித்தான் இழுத்திருக்கேன். ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலன்னு சொல்லும்மா உன் வீட்டுக்காரர்கிட்ட."

"அதெல்லாம் பின் சக்கரத்தால ஓடற காடி. இதுல முன் சக்கரம் தரையில உருண்டா முறிஞ்ச தண்டும் கூடவே சுத்தி அடிக்கும். கியர்பாக்ஸையே உடைச்சிரும்னு சொல்லு."

கருணாகரன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ருக்மணிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் காது கேட்குதில்ல? என்னை ஏன் நடுவுல போட்டு வதைக்கிறீங்க?"

கருணாகரன் மணலில் மல்லாந்து படுத்துக் காடிக்கடியில் நுழைந்தார். வெகுநேரம் பார்த்தார். முதுகெல்லாம் மணலோடு வெளியே வந்து, "அவர் சொல்றது சரிதான்மா. முன்னாலயே தூக்கிருவோம்" என்றார். லோரியைச் சுற்றிக்கொண்டு வந்து காடியின் முகத்துக்கு நேரே நிறுத்தினார்.

கொக்கியை பம்பரில் மாட்டவில்லை. "இதுல மாட்டினா பிச்சுக்கிட்டு வந்துரும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அடியில் சட்டத்தைத் தேடிப் பிடித்தார். சங்கிலி உரசாமலிருக்க எதையாவது கொடுக்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு முன்பே கலியாணசுந்தரம் துணி மூட்டை கட்டும் கோணிகளை எடுத்து வந்து நீட்டினார். ஒருவர் சங்கிலியைப் பிடிக்க, மற்றவர் கோணியைச் சுற்றினார். ருக்மணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் சக்கரங்கள் தரையைவிட்டு எழுந்தன.

லோரியின் முன்னால் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் ருக்மணி, மடியில் சிவகாமி. பண்டார் ஹிலிரைத் தாண்டினார்கள். திடீரென்று ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. கலியாணசுந்தரம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பின் சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டு வந்தது, புகை கிளம்பியிருந்தது.

"மச்சான்! நிறுத்துங்க மச்சான்! ஹேண்ட் பிரேக்!"

"பதறாதீங்க மாப்பிள்ளை. சட்டுன்னு நிறுத்தினா காடி வந்து நம்ம மேலயே மோதும்." கருணாகரன் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார்.

சடக்கோரம் நிறுத்தியபோது இழுத்த பிரேக்கைக் கலியாணசுந்தரம் விடுவிக்கவே இல்லை. இப்போது விடுவித்துவிட்டு வந்தார், முகம் செத்துப்போயிருந்தது. "நான்தான் இழுத்து வச்சேன். மறந்துட்டேன்." அண்ணன் வாயிலிருந்து இப்போது என்ன வருமோ என்று ருக்மணி அவர் முகத்தையே பார்த்தாள்.

"சங்கிலி மாட்டினவன் நான். நான்தான் பார்த்திருக்கணும்" என்றார் கருணாகரன். கலியாணசுந்தரம் தண்ணீர் டின்னைத் தூக்கவும் கையைப் பிடித்துத் தடுத்தார். "சூட்டுல தண்ணி பட்டா இரும்பு வெடிச்சிரும். தானா ஆறட்டும். வாங்க, கோப்பி குடிப்போம்."

எதிரே கோப்பி விற்கும் ஒட்டுக்கடை ஒன்று இருந்தது. கருணாகரன் குவளையைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னால நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாப்பிள்ளை. சிரிப்புக்குச் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் உறைச்சுது. வந்து சொல்ல வெட்கமா இருந்துச்சு."

கலியாணசுந்தரம் எழுந்து போனார். ருக்மணி பயந்துபோனாள். முன்பக்கம் தூக்கி நின்ற காடிக்குள் அவர் ஏறி எதையோ துழாவினார். அடுத்த வீட்டை அழைக்க வைத்திருந்த தாம்பாளத்தோடு இறங்கி வந்தார். வெற்றிலை சிதறி, குங்குமம் கொட்டி, பழம் ஒன்று நசுங்கியிருந்தது.

"ருக்மணி, இப்படி வா. சேர்ந்து நின்னுதான் கொடுக்கணும்."

கருணாகரன் சட்டென்று எழுந்தார். கையிலிருந்த கிரீஸைச் சட்டையிலேயே துடைத்தார். போகவில்லை, இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"பரவாயில்ல, வாங்கிக்குங்க மச்சான்" என்றார் கலியாணசுந்தரம். "நீங்க இல்லாம என் பொண்ணுக்குக் காது குத்தறதா இருந்தேன். எனக்குப் புத்தி எங்கே போச்சுன்னு தெரியல."

பட்டறையில் கழற்றிப் பார்த்தார்கள். கியர்பாக்ஸுக்கு ஒரு கீறலும் இல்லை. முறிந்த தண்டுக்கு மாற்று சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அதுவரை தோட்டங்களுக்குத் துணி மூட்டையைத் தன் நண்பனின் வேனில் ஏற்றிவிடுவதாகக் கருணாகரன் ஒப்புக்கொண்டார்.

காது குத்தும் நாளில் பத்தர் ஊசியை எடுத்ததும் சிவகாமி கோயிலே அதிர அலறினாள். அவளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த கருணாகரனால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், ஓரத்தில் நீர் வழிந்தது. பக்கத்தில் நின்ற கலியாணசுந்தரம் குனிந்து, "முடிஞ்சிருச்சு மச்சான், கண்ணைத் திறங்க" என்றார்.