இடுப்பு மோட்டார்

பள்ளத்து வயலிலிருந்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டையைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு ஏறுவதுதான் சென்றாயனுக்குப் பெரும்பாடு. லாரி ரோட்டைவிட்டு இறங்காது. அதனால் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக் கம்பெனி சோதனைக்கென்று மோட்டார் பெல்ட் கொடுத்தபோது அவன் மறுக்கவில்லை. இடுப்பின் இருபுறமும் சின்ன மோட்டார்; அதிலிருந்து தொடைக்குப் பட்டை. அடி எடுத்து வைத்தால் அதுவே தொடையைத் தூக்கிவிடும்.

முதலில் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. மோட்டார் முந்தும், கால் முரண்டு பிடிக்கும். சாயங்காலம் தொடை இறுகிப்போய் வந்து விழுவான். மனைவி கோகிலா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். பிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது. மூட்டையைச் சுமந்தபடி கோகிலாவிடம் பேசிக்கொண்டே ஏறினான். அதைப் பார்த்துப் பக்கத்து வயல் காளியண்ணனும் கம்பெனியிடம் ஒரு பெல்ட் வாங்கி இடுப்பில் மாட்டினார்.

கம்பெனி இன்ஜினியர் மணிவண்ணன் வந்து, சென்றாயன் தொடையில் ஒயர்களை ஒட்டி, லேப்டாப்பைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

“அண்ணனோட சதை இப்பப் பாதி வேலைதான் செய்யுதுங்கக்கா. நல்லாப் பழகிருச்சு.”

“கழட்டி வெச்சா?” என்றாள் கோகிலா.

“கொஞ்ச நேரத்துல பழையபடி வந்துருமுங்க.” ஒயரைச் சுருட்டுவதிலேயே கவனமாக இருந்தான்.

அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போனது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் நிலைப்படியில் கால் இடித்தது; கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அப்புறம் இடிப்பதும் நின்றது. காலைப் பாதி தூக்கி, மீதியை யாரோ தூக்கிவிடப் போகிறார்கள் என்பதுபோல் நின்றான். மாட்டுக்கொட்டகைக்குப் போகவும் அவன் பெல்ட் கட்ட ஆரம்பித்தான்.

ஐப்பசி மழையில் கரண்ட் போயிற்று. லாரி வரும் நாள். சார்ஜ் ஏறாத பெல்ட்டில் சிவப்பு விளக்கு மினுங்கியது.

“இன்னைக்கு வேண்டாமுங்க.”

“லாரிக்காரன் காத்திருக்க மாட்டான் புள்ள.”

கூடையோடு அவளும் உடன் போனாள். பாதி ஏற்றத்தில் மோட்டாரின் முனகல் நின்றது. ஒரு காலை மேல்கல்லில் வைத்தபடி சென்றாயன் அப்படியே நின்றான்.

“ஏனுங்க?”

“காலு வரமாட்டீங்குது.”

முதுகிலிருந்த மூட்டை அவனைப் பின்னால் சாய்த்தது.

“மூட்டையப் போடுங்க!” என்று அலறினாள்.

போட்டான். மண்டியிட்டு விழுந்த அவனைப் பிடித்தாள். உள்ளங்கையில் பட்ட தொடை நடுங்கக்கூட இல்லை. தூங்கும் குழந்தையின் தொடைபோல் தொளதொளவென்று கிடந்தது. மூட்டை வழுக்குப் பாதையில் உருண்டுகொண்டிருந்தது.

கீழே காளியண்ணன் வந்துகொண்டிருந்தார். மூட்டை வருவதை அவர் நன்றாகவே பார்த்தார். ஓரடி ஒதுங்கினால் போதும். கோகிலா கத்தினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

மூட்டை மோதி அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது கோகிலாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மூட்டையைப் போடச் சொன்னது அவள்தானே. அவரே பேசினார்.

“என்ற பெல்ட்டும் நின்னுருச்சு கண்ணு. நகரோணும்னுதான் நெனச்சேன். அது காலுக்குப் போய்ச் சேரலை.”

மழை விட்டதும் மணிவண்ணன் பெரிய பேட்டரியோடு வந்தான். “இனிமே நடுவுல நிக்காதுங்கக்கா” என்றான்.

கோகிலா வழியை மறித்து நின்றாள். “எங்களுக்கு வேண்டாமுங்க. எடுத்துட்டுப் போங்க.”

சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்த சென்றாயன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், மணிவண்ணன் பெல்ட்டைக் கட்டிவிட வாகாக இரண்டு கைகளையும் உயர்த்தினான்.